மாடு சினை நிற்கவில்லை, நாய்க்கும் சீழ் வடிகிறது: இரண்டுக்கும் ஒரே கிருமியா?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில். வீட்டில் ஜெர்சி கலப்பு மாடு ஒன்று, இரண்டாம் ஈத்து. சித்திரையில் கன்று போட்டது. மறுநாள் காலை வரைக்கும் இளங்கொடி விழவில்லை. ஊரில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அவர் வந்து கையை விட்டு இழுத்தார். முழுதாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. அப்புறம் ஒரு வாரம் தொழுவத்துக்குள் நிற்க முடியாத நாற்றம். காய்ச்சல் வந்து, தீனி எடுக்காமல், பால் பாதிக்குமேல் குறைந்து, ஊசி போட்ட பிறகு ஒருவழியாகத் தேறியது.

இப்போது சினைதான் நிற்கவில்லை. பருவத்துக்குச் சரியாக வருகிறது, நாள் தவறாமல் கத்துகிறது. சினை ஊசி போடுகிறோம், திரும்பவும் கத்துகிறது. இந்தத் தடவை பருவத்தில் வடியும் வழும்பை உள்ளங்கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். வழும்பு தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் நொய் அளவுக்கு வெள்ளைத் திட்டுகள் மிதக்கின்றன. ஊசி போடுபவரிடம் காட்டினேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை, அடுத்த தடவை நிற்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு விஷயம். வீட்டு நாய், நாட்டு நாய்தான், பெண், எட்டு வயது, கருத்தடை செய்யவில்லை. கொஞ்ச நாளாகச் சோறு வேண்டாம் என்கிறது, தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறது. பின்பக்கம் பழுப்பு நிறத்தில் சீழ் வடிகிறது. மாடு கன்று போட்டபோது இந்த நாய் தொழுவத்தில்தான் படுத்திருந்தது, கொடித் துண்டைத் தின்றிருக்கும், அந்தக் கிருமிதான் இது என்று அம்மா சொல்கிறார். அப்படி இருக்குமா?

பாலூர் அக்கா

தம்பி, மாட்டுக்கு முதலில் கைவைத்தியம் பார்க்கலாமே. கன்று போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி கொடுத்தால் எங்கள் மாடுகளுக்குப் பெரும்பாலும் கொடி தானாக விழுந்துவிடும். எட்டு மணி நேரம் ஆகியும் விழவில்லை என்றால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை இரண்டாக நறுக்கி, வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுப்போம். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவ மையத்தில் இதையெல்லாம் முறையாகவே சொல்லித் தருகிறார்கள். சினை நிற்காத மாட்டுக்கும் ஒரு வரிசை உண்டு: பருவம் கண்ட நாளிலிருந்து முள்ளங்கி, பிறகு சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கடைசியாக மஞ்சளோடு கறிவேப்பிலை. வெல்லமும் உப்பும் சேர்த்துத்தான் எல்லாம். எங்கள் கிடேரி ஒன்று அதில்தான் நின்றது.

நாய் விஷயம் எனக்குத் தெரியாது. டாக்டர் யாராவது சொல்லுங்கள்.

டெல்டா கால்நடை மருத்துவர்

தம்பி, மாட்டைப் பிறகு பேசலாம். நாயை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய். சோறு வேண்டாம், தண்ணீர் அதிகம், பின்பக்கம் சீழ். இது மூன்றும் சேர்ந்தால் நாங்கள் முதலில் நினைப்பது கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது என்றுதான். கடைசியாக அது எப்போது தீட்டுப்பட்டது என்று நினைவு படுத்திப் பாருங்கள். நாலு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அது தண்ணீர் குடிப்பது வெயிலினால் இல்லை. கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாமல் போகிறது. போகிற நீரை ஈடுகட்டத்தான் குடிக்கிறது. ஸ்கேன் வசதி இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

சீழ் வெளியே வடிகிற வரைக்கும் உங்களுக்குக் கொஞ்சம் நல்ல காலம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, வயிறு மட்டும் உப்பும். அப்படிப்பட்ட நாய்கள்தான் எங்களிடம் வரும்போது கை மீறிப் போயிருக்கும்.

வெண்ணாற்றங்கரை

தீட்டுப்பட்டது ஆடிப்பெருக்கை ஒட்டி. நீங்கள் சொல்கிற கணக்கு ஒத்துப்போகிறது. வண்டி சொல்லிவிட்டேன், கிளம்புகிறோம்.

குடமுருட்டி

டாக்டர், எங்கள் தெருவில் ஒரு நாய்க்கு இதே மாதிரி வந்து வெறும் ஊசியிலேயே சரியானது. எடுத்தவுடனே ஆபரேஷன் என்று எல்லாரும் சொல்வது ஏன்? அதுவும் எட்டு வயது நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து இல்லையா?

டெல்டா கால்நடை மருத்துவர்

இது நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாட்டுக்கும் நாய்க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

எந்தப் பெண் விலங்கானாலும் பருவத்தில் இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஓங்கியிருக்கும். அப்போது கருப்பை வாய் திறந்திருக்கும், தசை சுருங்கிச் சுருங்கி உள்ளே இருப்பதை வெளியே தள்ளும், வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாக இருக்கும். அந்தச் சமயத்தில் கிருமி நுழைந்தாலும் பெரும்பாலும் தங்காது. பருவம் முடிந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கைக்கு ஆட்சி வரும். வாய் மூடும், தசை அடங்கும், உள்சுவர் சத்துநீர் சுரக்கும், எதிர்ப்பு சக்தி அந்த இடத்தில் மட்டும் தணியும். வரப்போகும் கருவுக்கான ஏற்பாடு இது. கருவுக்கு வசதியான இடம் கிருமிக்கும் வசதி.

மாட்டில் சினை நிற்கவில்லை என்றால் பதினாறு, பதினேழு நாளில் கருப்பையே புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து அந்த ஆட்சியை முடித்துவிடும். இருபத்தொன்றாம் நாள் மறுபடி பருவம், மறுபடி சுத்தம். நாய்க்கு அந்த ஏற்பாடு இல்லை. சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் நீடிக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை, வயது முழுக்க. ஒவ்வொரு தடவையும் உள்சுவர் தடித்து, சிறுசிறு நீர்க்கொப்புளங்கள் உண்டாகின்றன. அப்படிப் பழுதான கருப்பையில், நாயின் குடலிலேயே இருக்கும் ஈகோலை கிருமி பருவத்தின்போது மேலே ஏறி, வாய் மூடியபின் உள்ளே பெருகுகிறது. பெரும்பாலான நாய்களில் நாங்கள் எடுப்பது அந்தக் கிருமியைத்தான். மாட்டிடமிருந்து வந்தது இல்லை, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அதனால்தான் மாட்டுக் கருப்பையில் சீழ் கட்டினால் புரோஸ்டகிளாண்டின் ஊசி போடுகிறோம். சூலகத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் மஞ்சள் திட்டு கரையும், வாய் திறக்கும், சீழ் வாளிக் கணக்கில் வெளியே வரும். நாய்க்கும் அந்த வகை ஊசிச் சிகிச்சை உண்டு. ஆனால் வாய் திறந்திருக்க வேண்டும், நாய் தெம்பாக இருக்க வேண்டும், மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியானாலும் உள்சுவர் பழுது அப்படியேதான் இருக்கும், அடுத்த தீட்டில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். உங்கள் தெரு நாயை அடுத்த தீட்டுக்குப் பிறகு கவனித்துக்கொண்டே இருங்கள் என்று அதன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இனிமேல் குட்டி தேவையில்லாத எட்டு வயது நாய்க்குக் கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிடுவதே உறுதியான வழி. மயக்க மருந்தில் ஆபத்து உண்டுதான். சீழை உள்ளே விட்டு வைப்பதில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரிது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் ஆண் நாய்கள் கூடுகின்றன என்று தீட்டை நிறுத்தும் ஊசி கேட்டு வருகிறார்கள். அந்த ஊசியும் புரோஜெஸ்டிரோன் இனம்தான். மேலே சொன்ன கதையை நாமே கையால் ஆரம்பித்து வைப்பது போலாகும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை (மறுநாள்)

எல்லாருக்கும் நன்றி. ஸ்கேனில் கருப்பை முழுக்கச் சீழ் என்று சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வெள்ளணு மிக அதிகம். குளுக்கோஸ் ஏற்றி, நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் ஆபரேஷன் செய்தார்கள். எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். நாயின் கருப்பை விரல் தடிமன்கூட இருக்காதாம். இது இரண்டு கொம்பும் என் மணிக்கட்டைவிடத் தடிமனாக, இடையிடையே முடிச்சு விழுந்து, மேலே ரத்தக் குழாய்கள் புடைத்து இருந்தது. தட்டில் வைத்ததும் ஒரு பக்கமாகத் தானே சரிந்தது, அவ்வளவு கனம். பார்த்ததிலிருந்து அம்மா பேசவே இல்லை.

நாய் கண் திறந்து பார்க்கிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இன்னொரு தடவை ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

இப்போது மாட்டுக்கு வாருங்கள் டாக்டர்.

டெல்டா கால்நடை மருத்துவர்

நல்ல சேதி. தையல் பிரிக்கும்வரை நக்க விடாதீர்கள்.

மாட்டைப் பற்றி. இளங்கொடி சாதாரணமாக ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் விழும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். மாட்டின் கொடி கருப்பையோடு எண்பது, நூறு இடங்களில் தனித்தனியாகக் கோத்திருக்கும், சட்டைப் பொத்தான் போல. பொத்தானைக் கழற்றாமல் சட்டையை இழுத்தால் துணி கிழியும். கையை விட்டு இழுக்கும்போது கிழிவது கருப்பையின் உள்சுவர். பாதிக் கொடி உள்ளே தங்குகிறது, கைவழியாக வெளிக்கிருமியும் போகிறது. நீங்கள் சொன்ன நாற்றம், காய்ச்சல், தீனி மறுத்தல் எல்லாம் அதன் தொடர்ச்சி. தொங்குகிற பகுதி கனமாக இருந்தால் கணுக்காலில் மிதிபடாத அளவுக்கு வெட்டிவிட்டு, காய்ச்சல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே நல்லது. உடல் சூடு 103 பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ மாடு தீனியை விட்டாலோ கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தி வரும்.

பாலூர் அக்கா சொன்ன முள்ளங்கியிலும் வெண்டைக்காயிலும் எனக்கு மறுப்பு இல்லை, கொடுக்கலாம். ஆனால் காய்ச்சல் அடிக்கிற மாட்டுக்கு அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இப்போதைய வெள்ளைத் திட்டு கருப்பை உள்சுவரில் புண் ஆறாமல் இருப்பதைக் காட்டுகிறது. மாடு நன்றாகத் தின்னும், பால் கறக்கும், பருவத்துக்கும் வரும். ஊசியில் கருகூடத் தரிக்கும். ஆனால் அந்தச் சூழலில் கரு பிழைக்காது. மூன்று தடவை போட்டும் நிற்காத மாடு என்றால் நாலாவது ஊசிக்குப் பணம் கொடுக்கும் முன் வழும்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பருவத்தில் சினை ஊசி போடாதீர்கள். வழும்பைச் சுத்தமான முறையில் எடுத்து, கிருமி வளர்ப்புக்கும், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுகிறது என்ற சோதனைக்கும் அனுப்புங்கள். கையில் கிடைத்த ஆன்டிபயாட்டிக்கைக் கருப்பைக்குள் விட்டு, அது கேட்கவில்லை என்று இன்னொன்றை விட்டு, கடைசியில் எதற்கும் கட்டுப்படாத கிருமியோடு மாட்டைக் கொண்டுவருகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை. அந்த மருந்து பாலிலும் வரும். பாலை விற்பனைக்கு எத்தனை நாள் ஊற்றக்கூடாது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை.

சம்பா வயல்

தீனியையும் பாருங்கள் தம்பி. நம் பக்கம் வருஷம் முழுக்க வைக்கோல்தான். நெல் வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தசைக்கு வலு இருக்காது, கொடி தங்கும், கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க நாளாகும். தாது உப்புக் கலவையை வாங்கித் தினமும் தவிட்டில் கலந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் தொழுவத்தில் கொடி தங்குவது நன்றாகக் குறைந்தது.

அப்புறம் மழைக்காலத்தில் கன்று போடும் மாட்டுக்கு ஒரு மேட்டு இடம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் தொழுவங்களில் கணுக்கால் அளவு சேறு. அதில் படுத்துக் கன்று போட்டால் எந்த மாடும் தாங்காது.

கிடை வீட்டுப் பிள்ளை

இந்த இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வந்து வயலில் கிடை போடுவோம். போன கோடையில் எங்கள் மந்தையில் ஆடுகள் வரிசையாகக் குட்டி வீசின (கரு கலைந்தது). எல்லாம் மாதம் நிறையப் போகிற சமயத்தில். புதிதாக ஒரு கிடா வாங்கிச் சேர்த்திருந்தோம், அதுதான் காரணம் என்று அப்பா சொல்கிறார். செத்த குட்டிகளைக் கிடை நாய்கள்தான் தின்றன. வீசின ஆட்டின் நஞ்சை (இளங்கொடியை)க் கையால்தான் எடுத்துப் போடுவோம். அண்ணி அப்போது மாசமாக இருந்தார். அவரும்தான் ஆடு பார்த்தார்.

டெல்டா கால்நடை மருத்துவர்

தம்பி, அண்ணி இப்போது நலமா? இனிமேல் மாசமாக இருக்கும் பெண்கள் யாரும் குட்டி போடும் ஆட்டுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. ஆடு குட்டி வீசுவதற்குப் பல கிருமிகள் காரணமாக இருக்கலாம். கிளமிடியா, லிஸ்டீரியா, புருசெல்லா, இன்னும் சில. இவற்றில் பல மனிதருக்கும் தொற்றும், சில வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து.

எது காரணம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வீசின குட்டி, நஞ்சு, அந்த ஆட்டின் ரத்தம் எல்லாம் வேண்டும். கால்நடைத் துறைக்கு நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. மந்தை எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர் மருந்தகத்தில் சொன்னால் அவர்களுக்குத் தகவல் போகும். வெளியூர்க்காரர் என்று தயங்க வேண்டாம்.

ஆட்டைப் பார்த்தால் நோய் தெரியாது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு விடாத காய்ச்சல். 1887ல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பல வருஷம் பிடிபடவில்லை. 1905ல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித், தீவின் ஆடுகள் அந்தக் கிருமியைச் சுமக்கின்றன என்று காட்டினார். வீடு வீடாகப் போய்ப் பால் கறந்து கொடுத்த ஆடுகள், ஒன்றும் ஆகாதது போலவே திரிந்தவை. அந்தக் கிருமி வகைதான் புருசெல்லா. மாட்டில் கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்வதும் அந்தக் குடும்பம்.

ஓடம்போக்கி

கன்று வீச்சு என்றதும் மனசு பதறுகிறது. எங்கள் மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது, போன வாரம். காலையில் போய்ப் பார்த்தால் தெரு நாய்கள் கன்றை வாய்க்கால் வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தன. நஞ்சு விழவில்லை. சோதனை எதுவும் செய்யவில்லை. வீட்டில் எல்லாரும் மாட்டைச் சந்தையில் தள்ளிவிடலாம் என்கிறார்கள். பால் மாடாக விற்றால் நல்ல விலை போகும். கடன் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

குடமுருட்டி

விற்றுவிடுங்கள் அண்ணே. வைத்திருந்து என்ன பயன்? ஒரு தடவை வீசினால் அடுத்த ஈத்து சரியாகப் போடும் என்று சொல்வார்கள், வாங்குகிறவருக்கும் நஷ்டமில்லை.

பாலூர் அக்கா

குடமுருட்டி தம்பி, வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். அப்படிச் சொல்லாதீர்கள்.

டெல்டா கால்நடை மருத்துவர்

அக்கா சொன்னதுதான் சரி. குடமுருட்டி சொன்னதில் ஒரு பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. கன்று வீச்சு நோய் கண்ட மாடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும். அடுத்த ஈத்தில் உயிருள்ள கன்றே போடலாம். ஆனால் கிருமி போவதில்லை. மடியிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கி, ஒவ்வொரு ஈத்திலும் கொடியோடும் நீரோடும் கொட்டும், பாலிலும் வரும். மாட்டுக்கு இதைக் குணப்படுத்தும் சிகிச்சை கிடையாது. அந்த மாடு போகிற தொழுவத்தில் மற்ற மாடுகள் கொடியை நக்கியோ, நனைந்த வைக்கோலைத் தின்றோ வாங்கிக்கொள்ளும். முக்கியமான வழி வாய்தான்.

ஓடம்போக்கி, வீசிய மாடெல்லாம் புருசெல்லா மாடு இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரா கிருமியும் கன்றை வீச வைக்கும். நம் வயற்காட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அதே கிருமிதான் மனிதருக்கு எலிக்காய்ச்சல். முட்டி மோதியும் வீசலாம். அதனால் முதலில் ரத்தம் எடுங்கள். வீசிய உடனே எடுத்ததில் இல்லை என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள், சில வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். முடிவு தெரியும்வரை மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், பாலை ஊற்றாதீர்கள்.

நஞ்சை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. தோள்வரை கையுறை, வாய்க்குத் துணி, கையில் வெட்டுக்காயம் இருப்பவர் கிட்டவே போகக் கூடாது. கன்றின் மிச்சம் வாய்க்காலில் கிடந்தால் அதையும் எடுத்து, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். புருசெல்லா கிருமி வெயிலில் சீக்கிரம் சாகும். நிழலும் ஈரமுமான மண்ணில் மாதக் கணக்கில் இருக்கும். நம் ஊர் நிலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

ஆய்வக ராணி

நான் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன். மனிதர் பக்கம் சொல்கிறேன். காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். மாலையில் ஏறும், இரவில் உடல் தெப்பமாக வியர்க்கும். இடுப்பு, முதுகு, மூட்டு வலி. ஆண்களுக்கு விதை வீக்கமும் வரலாம். டைபாய்டு, காசம் என்று மாதக் கணக்கில் அலைந்துவிட்டு வருகிறவர்களிடம் "வீட்டில் மாடு ஆடு இருக்கிறதா, வீசியதா, பச்சைப்பால் குடிப்பீர்களா" என்று கேட்க வேண்டும், பலர் கேட்பதில்லை. அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஓடம்போக்கி அண்ணே, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மாடு கன்று வீசிய சேதியை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சிகிச்சை இருக்கிறது, இரண்டு மருந்து சேர்த்துக் குறைந்தது ஆறு வாரம். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

பால் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். கறந்த சூட்டோடு குடிப்பதுதான் பிரச்சினை. "தெம்பு" என்று பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்காதீர்கள்.

சம்பா வயல்

புதைப்பதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது வழக்கம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாடும் பால் சொரியும் என்பார்கள். கோட்டூர்ப் பக்கம் போகிற வழியில் ஒரே மரத்தில் வரிசையாகத் தொங்கும். நாய் எட்டாது என்பதால் அதில் நன்மையும் இருக்கிறதுதானே?

டெல்டா கால்நடை மருத்துவர்

நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்ற எண்ணம் மிக நல்லது. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். நல்லபடியாகக் கன்று போட்ட, நோய் இல்லாத மாட்டின் கொடிக்கு அது பெரிய கேடு செய்யாது. ஆனால் வீசிய மாட்டின் கொடியைக் கட்டாயம் மரத்தில் கட்டாதீர்கள். சாக்கு ஒழுகும், காக்கை கொத்தி வேறிடத்தில் போடும், அந்த மர நிழலில்தான் மற்ற மாடுகள் படுக்கும். அதற்கு மண்ணும் சுண்ணாம்பும்தான்.

நாய் தின்றால் என்ன ஆகும் என்று முதலிலேயே ஒருவர் கேட்டார். மாட்டுப் புருசெல்லா நாய்க்கும் தொற்றும். பெரும்பாலும் நாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் கன்றின் துண்டை ஒரு தொழுவத்திலிருந்து இன்னொரு தொழுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதே அதுதான். நாய்க்கென்றே தனிப் புருசெல்லாவும் உண்டு, 1966ல் அமெரிக்காவில் பீகிள் நாய்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. பெண் நாய் சினைக் காலத்தின் கடைசிப் பகுதியில் குட்டிகளை வீசும், ஆண் நாய்க்கு விதை வீங்கும். இனச்சேர்க்கையிலும் தொற்றும். கும்பகோணம், தஞ்சாவூரில் நாய் வளர்த்து விற்பவர்கள் இணை சேர்க்கும் முன் ரத்தப் பரிசோதனை கேட்பதே இல்லை. கேட்க ஆரம்பியுங்கள்.

வெண்ணாற்றங்கரை (மூன்று வாரம் கழித்து)

வழும்புச் சோதனை வந்துவிட்டது. ஈகோலைதான். இதற்கு முன் கருப்பைக்குள் விட்ட மருந்துக்கு அது கட்டுப்படவே இல்லை என்று அறிக்கையில் இருக்கிறது. கட்டுப்படும் மருந்தைக் கொடுத்தார்கள், பால் ஊற்றக் கூடாத நாட்களையும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் ஊசி போடாமல் விட்டோம். வழும்பு இப்போது தெளிவாக, நூல் இழுத்தாற்போல அறுபடாமல் நீள்கிறது. அதற்கடுத்த பருவத்தில் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ரத்தமும் எடுத்தார்கள், கன்று வீச்சு நோய் இல்லை. நாய் நன்றாக இருக்கிறது. சிறுநீரகமும் சரியாகிவிட்டது.

இந்த ஈத்தில் பிறந்த கிடேரிக்கன்றுக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போடலாமா? ஐந்து மாதம் முடியப் போகிறது. காளைக்கன்றுக்கும் சேர்த்துப் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஓடம்போக்கி

எங்கள் மாட்டுக்கு இரண்டாம் ரத்தச் சோதனையில் கன்று வீச்சு நோய் இருக்கிறது என்று வந்துவிட்டது. விற்கவில்லை. தனியாகக் கட்டியிருக்கிறோம், பாலும் ஊற்றுவதில்லை. கடன்காரரிடம் தவணை கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

ஆய்வக ராணி

முடிவு வந்ததும் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள் அண்ணே. இல்லை என்று வந்தாலும் அடுத்த சில மாதங்களுக்குக் காய்ச்சலைக் கவனியுங்கள், இந்த நோய் தாமதமாகவும் தலைகாட்டும்.

டெல்டா கால்நடை மருத்துவர்

ஓடம்போக்கி, நீங்கள் செய்தது உங்கள் ஊர்த் தொழுவங்களுக்கெல்லாம் செய்த நன்மை. மற்ற மாடுகளுக்கும் ரத்தம் பார்க்க மருந்தகத்தில் எழுதிக் கொடுங்கள்.

வெண்ணாற்றங்கரை, இதுதான் சரியான வயது. நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் கிடேரிக்கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே தடவை. எஸ் 19 என்ற உயிருள்ள தடுப்பூசி அது. காளைக்கன்றுக்குப் போட்டால் விதைப்பையில் அழற்சி உண்டாக்கலாம், சினை மாட்டுக்குப் போட்டால் வீசலாம். அதனால் இரண்டுக்கும் வேண்டாம். 2019ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இதையும் சேர்த்து இலவசமாகப் போடுகிறார்கள். முகாம் வரும்வரை காத்திருக்காமல் கன்றின் பிறந்த நாளைச் சொல்லி மருந்தகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். ஊசி போடுகிறவர் கையுறையும் கண்ணாடியும் போட்டிருப்பார், மருந்து அவர் கண்ணில் தெறித்தால் அவருக்கே நோய் வரலாம். கன்றை அசையாமல் பிடிக்க வீட்டில் தெம்பான ஆள் ஒருவர் இருக்கட்டும்.